நூறு வெள்ளி விருந்தும் தோட்டத்து அடுப்பும்

ரந்தாவ், லாபு, சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து நீலாய்க்கும் செனவாங்குக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போன பிள்ளைகள், போனஸ் கைக்கு வந்த மாதத்தில் வீட்டில் ஒரு பேச்சை எடுக்கிறார்கள். இந்தத் தடவை அம்மா அப்பா, அண்ணன் அண்ணி எல்லாரையும் பிரேசில் பார்பிக்யூ பஃபேவுக்குக் கூட்டிப் போக வேண்டும். நல்ல கடை எது, கட்டுப்படியாகுமா? நீண்ட இரும்புக் கம்பியில் கோத்த இறைச்சியை ஒருவர் மேசைக்கே கொண்டுவந்து, கேட்கக் கேட்க அரிந்து போடும் காட்சியைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள். அரைக் கிலோ கறியை ஆறு பேருக்குப் பிரித்த அம்மாவை அறிந்த பிள்ளைக்கு, அவர் ஒரு நாளாவது துண்டை எண்ணாமல் சாப்பிட வேண்டும் என்று தோன்றுவது நியாயமான ஆசை. இந்தக் கேள்வியைச் சாப்பாட்டு மோகம் என்று தள்ளிவிடாமல் முழுதாக ஆராய வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கடை எங்கே இருக்கிறது, ஏன் அந்த விலை, அங்கே வைப்பதில் நாம் சாப்பிடக்கூடியது எவ்வளவு, வேறு வழி உண்டா என்பதெல்லாம் இதற்குள் அடங்கும்.

பிரேசில் நமக்குப் புதிய நாடில்லை. நெகிரி செம்பிலானில் தமிழர் குடியேறியதற்குப் பெருங்காரணமான கித்தா எனும் ரப்பர் மரம் அங்கிருந்து வந்தது. 1876இல் ஹென்றி விக்கம் அமேசானின் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சிறு பங்குதான். அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துப் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1896இல் டான் சே யான் என்பவர் பக்கத்து மலாக்காவில் வணிகத்துக்காகக் கித்தாவை நட்டார். அதன் பிறகு காப்பி நட்டிருந்த நெகிரி செம்பிலான் துரைமார்களும் கித்தாவுக்கு மாறினார்கள், கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கட்டி வந்தார்கள். லின்சும், சுவா பெத்தோங், செயின்ட் ஹெலியர், கெடிஸ் என்று நம் தாத்தா பாட்டிகள் காலைப் பெரட்டுக்கு நின்ற தோட்டங்களின் பெயர்களெல்லாம் அந்த மரத்தோடு சேர்ந்தவை.

ஆனால் மரம் வந்த பிரேசில் வேறு, இறைச்சி வந்த பிரேசில் வேறு. கித்தா, வடக்கே அமேசான் காட்டைச் சேர்ந்தது. காட்டு மரத்தில் பால் எடுத்த அங்குள்ள தொழிலாளிகள் மரவள்ளி மாவையும் காய்ந்த மீனையும் உப்புக்கண்டத்தையும் தின்று கடனில் உழன்றவர்கள். சுராஸ்கோ எனப்படும் இறைச்சிச் சுடல் தெற்குக் கோடியில், உருகுவே, அர்ஜென்டினா எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே தோ சுல் மாநிலத்துப் புல்வெளிகளில் மாடு மேய்த்த கவுச்சோக்களின் உணவு. மேய்ச்சல் நிலத்தில் குழி தோண்டித் தீ மூட்டி, பெரிய துண்டங்களைக் கம்பில் கோத்துச் சுற்றிலும் நட்டுவைப்பார்கள். மசாலா கிடையாது, கல் உப்பு மட்டும்தான். தீயின் அனலில் மணிக்கணக்காக வேகும்.

இது நெடுஞ்சாலை ஓரக் கடைகளுக்கு வந்து சேர்ந்தபோது ரொடீசியோ என்ற பரிமாறும் முறை உருவானது. ஆளுக்கு ஒரே விலை, கம்பியோடு மேசை மேசையாகச் சுற்றி வருவார்கள். மேசையில் ஒரு வட்ட அட்டை இருக்கும். பச்சைப் பக்கம் தெரிந்தால் போட்டுக்கொண்டே இருப்பார்கள், சிவப்பைத் திருப்பினால் நிறுத்துவார்கள். 1979இல் போர்ட்டோ அலெக்ரேயில் தொடங்கிய ஃபோகோ டி சாவ் போன்ற நிறுவனங்கள் 1997 முதல் அமெரிக்காவிலும் கடை திறந்து, இதை உலகம் முழுக்க ஒரு பகட்டான விருந்தாக ஆக்கின. நம் பக்கத்தில் இந்த வகைக் கடைகள் கால் ஊன்றியது கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா வட்டாரத்திலும் சிங்கப்பூரிலும். டாமான்சாரா அப்டவுனில் கார்னவல் என்ற கடை இந்த முறையை மலேசியர் பலருக்கு அறிமுகப்படுத்தியது.

அந்தப் பகட்டு ஏன் நம்மிடம் மலிவாக வரவில்லை என்பதில்தான் விஷயத்தின் மையம் இருக்கிறது. பிரேசில்காரர்கள் கூலி வேலைக்குப் போய்க் குடியேறிய ஊர்களில் சுராஸ்கோ மலிவாகக் கிடைக்கிறது. 1990இல் ஜப்பான் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தி, ஜப்பானிய வம்சாவளிப் பிரேசிலியர்களை வேலைக்கு வர அனுமதித்தது. அவர்கள் ஹமமாட்சுவிலும் குன்மா மாநிலத்து ஒய்சுமியிலும் கார், மின்பொருள் தொழிற்சாலைகளில் சேர்ந்தார்கள். அந்த ஊர்களில் மளிகைக் கடை ஓரத்தில்கூடக் கோழியும் விலா எலும்பும் கம்பியில் சுழல்வதைக் காணலாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிரேமிங்ஹாமிலும் இதே கதைதான். டோக்கியோ நடுவிலோ பெரிய அமெரிக்க நகரங்களிலோ உள்ள ரொடீசியோ கடைகள் வேறு விலை, வேறு ஆட்களுக்கானவை. ஒரு சமூகத்தின் உழைப்பாளிகள் எங்கே வாழ்கிறார்களோ அங்கேதான் அதன் சோறு மலிவு. சிரம்பானில் வாழையிலைச் சாப்பாடு இன்றும் சாதாரண ஆளுக்கு எட்டுகிறது என்றால், அதைச் சமைத்தவர்களும் சாப்பிட்டவர்களும் ஒரே கூலிக்காரர்களாக இருந்ததுதான் காரணம். மலேசியாவில் பிரேசில் தொழிலாளர் கூட்டம் என்று ஒன்று உருவாகவில்லை. சுராஸ்கோ இங்கே வசதியுள்ளவர்களுக்கான வாசல் வழியாகவே நுழைந்தது.

பிரேசிலிலேயே சாதாரண மக்கள் ரொடீசியோவுக்குத் தினமும் போவதில்லை. மதிய நேரத்தில் அவர்கள் நாடுவது எடைக்கு விலை போடும் கடைகளை. சோறு, அவரை, கீரை, சுட்ட இறைச்சி என்று வேண்டியதைத் தட்டில் எடுத்துத் தராசில் வைத்தால், எடுத்ததற்கு மட்டும் காசு. தெருவோரத்தில் சின்னக் கம்பியில் சுட்டு மரவள்ளி மாவில் புரட்டித் தரும் துண்டு இறைச்சியும் உண்டு. மலிவான பிரேசில் சாப்பாடு என்பது இந்த இரண்டும்தான். இவை நம் ஊருக்கு வராமல், விலை கூடிய வடிவம் மட்டும் வந்தது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. தொழிலாளர் சேமநிதிக்கு 11 விழுக்காடு கழித்தால் 1,513. ஒரு கடை ஆளுக்கு 90 வெள்ளி என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் மேலே ஏறும். 2024 மார்ச்சில் சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோது உணவுக்கு மட்டும் 6ஆகவே விட்டார்கள். ஆக 90 வெள்ளி 104க்குக் குறையாது. நாலு பேருக்கு 417. குடிக்கும் பானம் பல கடைகளில் தனிக் கணக்கு. பகாவிலிருந்து சிரம்பானுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியோட்டி, அங்கிருந்து கொமூட்டர் ரயிலில் ஒன்றரை மணி நேரம் கோலாலம்பூருக்குப் போய்த் திரும்பும் செலவும் உண்டு. ஒரு ஆளின் மாதக் கைச் சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மேல், ஒரே வேளைச் சாப்பாட்டில் போகிறது.

அதைவிட முக்கியமானது, கொடுத்த காசுக்கு எதைச் சாப்பிட முடியும் என்பது. ரொடீசியோவின் மதிப்பு மாட்டிறைச்சியில் இருக்கிறது. பிக்கான்யா என்ற பின்தொடைக் கொழுப்புத் துண்டுதான் அதன் கிரீடம். அடுத்து விலா, அடிவயிற்றுச் சதை. கடைக்காரர் 90 வெள்ளி வாங்குவது இந்தத் துண்டுகளின் விலையைக் கருதித்தான். தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை மாட்டிறைச்சி தொடுவதில்லை. ஹலால் கடையானால் பன்றியும் இருக்காது. மிச்சம் கோழித் தொடை, கோழி இருதயம், தொத்திறைச்சி, சில நாள் ஆட்டுத் துண்டு, பட்டைத்தூள் தூவிச் சுட்ட அன்னாசி, சாலட் மேசை. பாதிக்கும் மேற்பட்ட விருந்து நம் தட்டைத் தாண்டிப் போகும்; விலையில் பாதி குறையாது. ஆசையோடு கேட்கும் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அம்மா மூன்று துண்டு கோழியோடு எழுந்துவிட்டால் அந்தப் பிள்ளையின் மனம் எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

அப்படியும் போகத்தான் வேண்டும் என்றால், போகும் விதம் உண்டு. போவதற்கு முன் தொலைபேசியில் ஆட்டு இறைச்சி அன்றைய சுற்றில் வருமா என்று கேளுங்கள். வாரத்தில் எல்லா நாளும் வராது. பல பஃபே கடைகளில் மதிய விலை இரவைவிடக் குறைவு, பிள்ளைகளுக்குத் தனி விலையும் உண்டு. ரயிலில் திரும்பவும் மதியம்தான் வசதி. பதிவு செய்யும்போதே மாடு சாப்பிடாத மேசை என்று சொல்லிவிட்டால் நல்ல கடைக்காரர் அன்னாசியும் கோழியும் ஆடும் கொண்டு வரும் கம்பிகளை நம் பக்கம் அடிக்கடி திருப்புவார். கடையின் தரத்தை அறியத் தொத்திறைச்சியைப் பார்த்துப் பயனில்லை. கோழி இருதயத்தைப் பாருங்கள். கரி அனலில் பக்குவமாகச் சுட்டதென்றால் வெளியே கருகாமல் உள்ளே நீர் வற்றாமல் இருக்கும். அடுப்பு ஆறியபின் சூடுபடுத்தியது ரப்பர்த் துண்டாக இழுக்கும். முதல் சுற்றில் சோறும் ரொட்டியும் பாலாடைக்கட்டி உருண்டையும் வந்து குவியும். அது வயிற்றை நிரப்பி இறைச்சியை மிச்சப்படுத்தும் ஏற்பாடு, எல்லாப் பஃபே கடைகளுக்கும் பொதுவானது. அதில் குற்றம் இல்லை, தெரிந்து சாப்பிட்டால் போதும்.

பக்கத்திலேயே உள்ளவற்றை எடுத்துக்கொண்டால், சிரம்பானிலும் சிரம்பான் இரண்டிலும் மேசை நடுவில் சட்டியும் தகடும் வைத்து நாமே சுடும் ஸ்டீம்போட் கடைகள் உண்டு. பிரேசில் கடையைவிட மிகவும் மலிவு, பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. ஆனால் அங்கே கிடைப்பது மெல்லிய உறைந்த துண்டுகளும் மீன் உருண்டைகளும்தான். கரியின் வாசம் கிடையாது. போர்ட்டிக்சன் கடற்கரை விடுதிகள் வார இறுதியில் நடத்தும் பார்பிக்யூ இரவுகளில் கடல் உணவு நன்றாக இருக்கும், விலை நகரத்து விலையை நெருங்கும். நோன்பு மாத பஃபேக்களும் அப்படியே.

நெகிரி செம்பிலானின் சொந்தச் சுடல் வேறு. மினாங்கபாவ் மக்கள் இறைச்சியையும் வாத்தையும் புகையில் வாட்டும் சாலாய், அதைச் சிலி அப்பி மிளகாயும் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் குழம்பு இவற்றுக்கு நிகர் இந்த நாட்டில் குறைவு. கோலப்பிலா பக்கம் சாலையோரக் கடைகளில் புகை ஏறிய வாத்தை வாங்கி வீட்டில் குழம்பு வைக்கும் தமிழர்கள் நிறைய. வாத்து சாலாய்க்குத் தடையேதும் இல்லாத வீட்டில், பிரேசில் கடைக்குப் போகும் காசில் ஒரு பங்கிலேயே குடும்பத்தின் வயிறு நிறையும். என் பார்வையில் இந்த மாநிலத்தில் காசுக்கு மேல் மதிப்புள்ள சுட்ட இறைச்சி இதுதான். தோட்டத்துப் புகைக்கூடத்தில் கித்தா விறகுப் புகையில் ரப்பர் தகடுகளைக் காயவைத்த நம்மவர்களுக்கு, மெல்லிய புகையின் வேலை என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுராஸ்கோவுக்கு மிக நெருங்கிய உறவு இன்னொன்று மலாய்க் கல்யாணங்களில் இருக்கிறது. முழுச் செம்மறியைக் கம்பியில் கோத்துக் கரிமேல் சுழற்றும் கம்பிங் கோலேக். வீட்டுக்கே கொண்டுவந்து சுட்டு அரிந்து தரும் ஆட்கள் சிரம்பான் வட்டாரத்தில் கிடைப்பார்கள். மாடு கிடையாது, பன்றி கிடையாது. இன்று தோட்டத்தில் நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களும் கூச்சமின்றி உட்கார்ந்து சாப்பிடலாம். பிரேசில் கடையில் ஆளுக்கு நூறு வெள்ளி கொடுத்துத் தேடும் அனுபவத்தின் சாரம், அதாவது தீ, கம்பி, அரியும் கத்தி, காத்திருக்கும் தட்டு, எல்லாம் இதில் இருக்கிறது.

இதையும் தாண்டி நம்மிடமே ஒரு முறை இருந்தது. தீபாவளிக்கு முந்திய நாள் லயத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஆட்டைப் பிடித்து அறுத்துக் கூறு போடும் வழக்கம். தலைக்குத் தனிப் பேச்சு, குடலுக்குத் தனிப் பேச்சு, எலும்பும் சதையும் எல்லாக் கூறிலும் சமமாக விழ வேண்டும். முனியாண்டிக்கு நேர்ந்த கிடாவானால் படையல் முடிந்து அங்கேயே சமைத்துத் தோட்டமே சாப்பிடும். இறைச்சி எட்டாத கூலியில் வாழ்ந்தவர்கள் அதை எட்டவைத்துக்கொண்ட வழி அது. ஒரு குடும்பத்தால் வாங்க முடியாததைப் பத்துக் குடும்பம் வாங்கியது. பிரேசிலின் தெற்கிலும் கவுச்சோக்கள் சேர்ந்து சுட்ட தீ இப்படித்தான் தொடங்கியது. ஒரு முழு விலங்கை ஒரே வீடு தின்று தீர்க்க முடியாது.

சுராஸ்கோ என்றால் மாடுதான், ஆட்டை வைத்தால் போலி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தெற்கில் குட்டி ஆட்டை முழுதாகக் கம்பில் விரித்துத் தீயைச் சுற்றி நடுவது கவுச்சோ மரபின் பகுதியே. வடகிழக்குப் பிரேசிலில் வெள்ளாடுதான் பெருமைக்குரிய இறைச்சி. பெர்னம்புகோ மாநிலத்துப் பெட்ரோலினா நகரில் ஆட்டுக்கறிக்கென்றே பல உணவகங்களை ஒரே வளாகத்தில் திரட்டி போடோட்ரோமோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வெள்ளாடு அந்த நாட்டிலும் மரியாதையோடு சுடப்படுகிறது.

எனவே தோட்டத்திலோ தாமானிலோ கூட்டுச் சேர்ந்து செய்ய நினைப்பவர்களுக்கு என் யோசனை. உயிர் எடை 30 கிலோ உள்ள ஆடு ஒன்று எலும்போடு ஏறக்குறைய 13 கிலோ கறி தரும். அதோடு பத்துக் கோழி சேர்த்தால் 40 பேருக்குத் தாராளம். ஆட்டின் விலை ஊருக்கு ஊர், பண்டிகைக்குப் பண்டிகை மாறும். ஆட்டுக்கு 1,500 வெள்ளி, கோழி, கரி, அரிசி, காய்களுக்கு 600 என்று கையை விரித்தே கணக்கு வைத்தாலும் ஆளுக்கு 53 வெள்ளிக்குள் அடங்கும். நகரத்து விலையில் ஏறக்குறைய பாதி. வைப்பதில் தள்ளிவைக்க வேண்டிய துண்டு ஒன்றும் இருக்காது.

சுடுவதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு. பிக்கான்யாவைப் போல அனலுக்கு அருகில் வைத்தால் காய்ந்து நாராகிவிடும். தொடையையும் விலாவையும் முழுதாக விட்டு, கல் உப்பு தேய்த்து, தணலிலிருந்து தள்ளி உயரத்தில் தொங்கவிட்டு மூன்று நாலு மணி நேரம் விட வேண்டும். உப்புத் தண்ணீரில் பூண்டு நசுக்கிப் போட்டு அவ்வப்போது தெளிப்பது தெற்குப் பிரேசிலில் ஆட்டுக்குச் செய்வது, நமக்கும் பொருந்தும். முதலில் கோழி இருதயத்தையும் தொடையையும் அருகில் சுட்டுப் பிள்ளைகளின் பசியை ஆற்றிவிட்டால் பெரியவர்கள் ஆட்டுக்குப் பொறுமையாக இருப்பார்கள். கரிக்குப் பேராக் மாநிலத்துக் கோலசெப்பெத்தாங் சூளைகளில் சுட்டெடுக்கும் பாக்காவ் மரக்கரியைத் தேடி வாங்குங்கள். நீண்ட நேரம் நிற்கும், புகை குறைவு. தாமானில் பக்கத்து வீட்டு ஜன்னல் நெருக்கமாக இருக்கும்போது அது சின்ன விஷயமல்ல.

பக்கத்தில் வைக்க ஃபரோஃபா செய்யுங்கள். மரவள்ளி மாவை வெண்ணெயில் வெங்காயத்தோடு பொன்னிறமாக வறுப்பது, பிரேசிலில் சுட்ட இறைச்சியின் சாறெல்லாம் அதில்தான் ஊறும். கடையில் மாவுச்சத்தாக விற்பதை வாங்கினால் பசையாகிவிடும். கிழங்கைத் துருவிப் பிழிந்து, உதிர்த்து, வறுத்துக்கொள்வதே சரி. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளியில் உயிர் பிடித்த தலைமுறை, அந்தக் கிழங்கைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தக் கிழங்கும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். உயிரோடு இருக்கும் பாட்டிமார் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், அவர்களுக்குச் சோறு வையுங்கள்.

எங்கே சுடுவது என்பதுதான் இப்போது கடினமான கேள்வி. தோட்டம் இருந்தபோது கோயில் திடல், பள்ளித் திடல், லயத்துக்கு முன்னால் உள்ள வெளி எல்லாம் பொதுவாக இருந்தன. நிலம் வீடமைப்புக்குப் போய், மக்கள் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் சிதறியபின், நாற்பது பேர் ஒன்றாகத் தீ மூட்ட இடம் இல்லை. மலிவான விருந்தைத் தேடும் பிள்ளைகள் பஃபே கடைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கூட்டம் சேர வேறு மேசை அவர்களுக்கு மிச்சமில்லை. தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தோட்டத்துப் பழைய மாணவர் குழுக்களும் ஆண்டுக்கு ஒரு முறை திடலை இதற்குத் திறந்துவிட வேண்டும் என்று கேட்கிறேன். பெரும்பாலான கோயில் வளாகங்களில் இறைச்சி கூடாது என்பதால் பள்ளித் திடலோ சமூக மண்டபத்துப் பின்வெளியோ பொருந்தும். நகராண்மைக் கழகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்குவது நல்லது. பத்துக் குடும்பம் பேர் கொடுத்தால் ஆட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம். தீபாவளிக்கு மூன்று மாதம் முன்னதாகவே ஆட்டுப் பண்ணையில் சொல்லிவைக்க வேண்டும், கடைசி வாரத்தில் விலை ஏறிவிடும்.